நுனி வெட்டிய கையுறை

இருபத்தாறு வருடமாக மற்றவர்களின் ரத்தத்தை எடுத்துத்தான் பிழைப்பு நடத்துகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெண் பார்க்கப் போன வீட்டில் இதை இப்படியே சொன்னபோது வட்டித் தொழில் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அரசு ஆஸ்பத்திரி லேப் டெக்னீஷியன் என்று விளங்கிய பிறகு காபி ஆறிப்போய் வந்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகிற பாதையில், மலை நீலமாகத் தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் இருக்கிறது நான் நெடுநாள் வேலை பார்த்த ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பெயர் சொல்லாவிட்டாலும் அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். சொன்னால் தெரியாதது போல இருப்பார்கள்.

எனக்கு அங்கே ஒரு பெருமை இருந்தது. ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பேன். கரும்பு வெட்டியும் மரவள்ளி பிடுங்கியும் காய்த்துப்போன கைகள் வரும். தோலுக்கு அடியில் நரம்பு எங்கே ஓடுகிறதென்று கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையுறை போட்டால் விரலுக்குக் கண் போய்விடும். போடாவிட்டால் மெமோ வரும். ஆகவே நான் ஒரு நடுவழி கண்டுபிடித்தேன். காலையில் வந்ததும் இடது கையுறையின் ஆட்காட்டி விரல் நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடுவேன். மூன்று விரலும் கட்டைவிரலும் சட்டப்படி, ஒரு நுனி மட்டும் கலைப்படி. மேலிருந்து பார்த்தால் கையுறை. கீழிருந்து பார்த்தால் நான்.

இந்த யோக்கியதையோடு நான்தான் அந்த ஆஸ்பத்திரியின் தொற்றுத் தடுப்புப் பொறுப்பாளர்.

பத்திரிகைகளில் நான்கைந்து நகைச்சுவைக் கதைகள் எழுதியிருந்தேன் என்பதுதான் தகுதி. எழுதுகிறவன் என்றால் பேசுவான், பேசுகிறவன் என்றால் பயிற்சி கொடுப்பான் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். டாக்டர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். வேலை ஆக வேண்டும் என்றால் என்னை அண்ணா என்பார், ஆகிவிட்டால் லேப் டெக்னீஷியனைச் சுருக்கி எல்.டி. என்பார். வருடத்துக்கு ஒருமுறை ஸ்லைடு போட்டுப் பயிற்சி. யாருடைய ரத்தமாக இருந்தாலும் தொற்று இருப்பதாகவே நினைத்துக் கையாள வேண்டும். முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஊசியை மூடியால் மறுபடி மூடக் கூடாது. ஊசி வெள்ளை டப்பாவுக்கு, ரத்தப் பஞ்சு மஞ்சள் பைக்கு, கையுறை சிவப்புப் பைக்கு. எல்லாவற்றையும் ராகத்தோடு சொல்வேன். நடுவில் இரண்டு துணுக்கு. கடைசியில் டீயும் மிக்சரும். பயிற்சிக்கு வருகிறவர்கள் துணுக்கையும் மிக்சரையும் நினைவில் வைத்திருந்தார்கள்.

அந்தப் பைகளை வார்டு வார்டாகப் போய்க் கட்டி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கழிவு அறையில் பிரித்து அடுக்குவது ஓர் அம்மாவின் வேலை. ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவர். நாற்பது வயதிருக்கும். பக்கத்துக் காலனியிலிருந்து நடந்து வருவார். கணவர் இல்லை, அண்ணன் வீட்டோடு இருந்தார். அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிரே இருப்பவர் கொஞ்ச நேரம் பேச மாட்டார்.

கழிவு பிரிக்கிறவர்களுக்கு என்று தனியாகத் தடித்த ரப்பர் கையுறை உண்டு. முழங்கை வரை வரும். ஊசி லேசில் இறங்காது. பூட்ஸ், முன்கவசம், கண்ணாடி எல்லாம் உண்டு. எங்களுக்கும் வந்திருந்தன. லேபில் என் மேசைக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. சாவி என்னிடம். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். கொடுத்தால் அழுக்காகிவிடும். அழுக்கானால் ஆய்வுக் குழு வரும்போது எதைக் காட்டுவது? இந்தத் தர்க்கம் எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்குமே வேடிக்கையாகத் தெரிந்ததில்லை. வேடிக்கை எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. அந்த அம்மா நர்சுகள் போட்டுக் கழற்றிய மெல்லிய கையுறைகளில் கிழியாததாகப் பார்த்து எடுத்து, பிளீச்சிங் தண்ணீரில் அலசி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கம்பியில் காயப்போட்டு, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போட்டுக்கொள்வார். காற்றடித்தால் கம்பியில் இருபது கைகள் ஆடும். யாரையோ போகச் சொல்வது போலவும் இருக்கும், வரச் சொல்வது போலவும் இருக்கும்.

ஆய்வுக் குழு வரும் அன்று பீரோ திறக்கப்படும். அந்த அம்மாவுக்கு எல்லாம் மாட்டிவிடப்படும். பூட்ஸ் பத்தாம் நம்பர். ஒரு பூட்ஸுக்குள் அவருடைய இரண்டு காலும் போகும். நடக்கச் சொல்லாமல் நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தோம். அதைப் பெரிதாக்கி, "பாதுகாப்பு நம் முதல் கடமை" என்று மேலே எழுதி, கழிவு அறைக்குப் போகும் நடையில் மாட்டினோம். வாசகம் என்னுடையது. குழு போனதும் கையுறையும் பூட்ஸும் பீரோவுக்குத் திரும்பின. போட்டோ மட்டும் வெளியே இருந்தது.

ஆனால் நான் வருத்தப்படுவது போட்டோவுக்காக அல்ல. பதிவேட்டுக்காக.

ஹெபடைட்டிஸ் பி என்று ஒரு கிருமி. காமாலைக் கிருமி என்போம். ரத்தத்தில் இருந்துகொண்டு ஈரலைத் தின்னும். ஊசி முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் ஒட்டியிருந்தாலே போதும், வேறு உடம்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மூன்று தவணை. எனக்குப் போட்டிருந்தது. நர்சுகளுக்குப் போட்டிருந்தது. ஒப்பந்த ஆட்களுக்கு யார் போடுவது என்று ஆஸ்பத்திரியும் ஒப்பந்தக்காரரும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதிவேட்டில் அந்த அம்மாவின் பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் காலியாக இருந்தன.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்பு நான் அவற்றை நிரப்பினேன். டாக்டர் சொன்னது, "பாத்து ஏதாவது பண்ணுங்க அண்ணா" என்பது மட்டும்தான். பார்த்ததும் பண்ணியதும் நான். மூன்று தேதிகள், நடுவே முறையான இடைவெளி. ஒரே மையில் இருந்தால் ஒரே நாளில் எழுதியது என்று தெரிந்துவிடும் அல்லவா? முதல் தேதிக்கு நீலப் பேனா. இரண்டாவதுக்கு மை தீர்ந்து திக்குகிற இன்னொன்று. மூன்றாவதுக்குக் கறுப்பு. இரண்டாம் வரியில் ஒரு சொட்டு டீயும் வைத்தேன். அந்த அம்மாவைக் கூப்பிட்டு மூன்று இடத்திலும் கையெழுத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு வரிக்கும் பேனாவை மாற்றிக் கொடுத்தேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. பேனாக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போட்டார்.

குழுவில் வந்த ஓர் அதிகாரி அந்தப் பக்கத்தை விரலால் தொட்டு, மாவட்டத்திலேயே இவ்வளவு ஒழுங்காக யாரும் வைத்திருக்கவில்லை என்றார். என் கதைகளைப் பற்றி அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது. இருந்தாலும் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்து கர்ப்பிணிகள் வரிசை. கடைசியாக ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வந்தார். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும், அதற்கு முன் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பேனா. படித்த மனிதர் அகப்பட்டால் எனக்கு வாய் சும்மா இருக்காது. ரத்தம் எடுத்துக்கொண்டே ஒரு துணுக்கு சொன்னேன். எந்தத் துணுக்கு என்று இங்கே சொல்லப்போவதில்லை. அதற்கு இன்னொருவர் சிரிக்க வேண்டாம். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, ஊசி வெட்டும் மிஷினுக்கு நான்கு அடி நடக்க வேண்டியவன், பஞ்சையும் ஊசியையும் இடது உள்ளங்கையிலேயே வைத்துக் கையுறையை உள்வெளியாக உரித்துச் சுருட்டிச் சிவப்புப் பையில் போட்டுவிட்டேன். போட்டது அப்போது எனக்குத் தெரியாது. கை தன் பாட்டுக்குச் செய்தது.

அரை மணி கழித்து, பத்து மணி வாக்கில், அந்த அம்மா லேப் வாசலில் நின்றார். இடது கட்டைவிரலை வலது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அலசிக் காயவைத்த கையுறை இரண்டிலும் ஓட்டை. அக்குளில் ஒரு பாலிதீன் பை.

"குத்திக்கிச்சி சார்" என்றார்.

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கையைக் காட்டச் சொன்னேன். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது என்றெல்லாம் ஸ்லைடில் இருப்பதைச் சொன்னேன். குரலில் ராகம் வரவில்லை. எந்த வார்டுப் பையில் இருந்தது என்று கேட்டேன். அவர் பாலிதீன் பையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். உள்ளே சுருட்டிய கையுறை. அதிலிருந்து ஊசி நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆட்காட்டி வெரலு நுனி இல்ல பாருங்க சார். ஆஸ்பத்திரியிலே வெரல வெட்டிக்கினு போடறவரு நீங்க ஒர்த்தர்தான்."

கோபமாகச் சொல்லவில்லை. காணாமல் போன கைக்குட்டையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கொடுப்பவர் போலத்தான் சொன்னார்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் நல்லவர்தான்; அப்படித்தான் இப்போதும் நினைக்கிறேன். காயத்தைப் பார்த்தார், எப்போது குத்தியது என்று கேட்டார், பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். அவர் பக்கத்தைப் புரட்டி, மூன்று தவணையும் போட்டிருக்கிறது, காமாலைக் கிருமிக்குப் பயமே இல்லை என்றார். தான் "பாத்து ஏதாவது பண்ணுங்க" என்று சொன்னது அவருக்கு நினைவில்லை போலும். அல்லது நான் பண்ணிய வேலை அவ்வளவு கச்சிதம்.

"எனக்கு ஊசி எதுவும் போட்ட மாதிரி நெனப்பு இல்லீங்களே" என்றார் அந்த அம்மா.

டாக்டர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பினார். "இது உங்க கையெழுத்துதானேம்மா?"

அந்த அம்மா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த தாய்ப்பால் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். முழுவதும் படித்தேன்.

"என் கையெழுத்துதாங்க" என்றார்.

ஊசியில் இருந்த நோயாளியின் ரத்தத்தை எய்ட்ஸ் கிருமிக்கு மட்டும் ஒருமுறை பார்த்துவிடலாம், மற்றபடி வேலையைப் பாருங்கள் என்று சொல்லி டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வேலையைப் பார்க்கப் போனார். நான் கர்ப்பிணிகளின் சாம்பிள்களை வரிசையாக முடித்துவிட்டுக் கடைசிச் சாம்பிளுக்கு, தலைமை ஆசிரியருடையதற்கு, வந்தேன்.

எய்ட்ஸ் கிருமி இல்லை. அடுத்து காமாலைக் கிருமிக்கான அட்டை. பிஸ்கட் அளவில் இருக்கும். குழியில் சொட்டு விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருந்தால் கோடு தெரியும். ஒரு கோடு என்றால் கிருமி இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது. தலைமை ஆசிரியரின் அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. இன்னோர் அட்டை எடுத்துப் போட்டேன். அதிலும் இரண்டு. விபூதியும் வெள்ளை வேட்டியும் சட்டைப் பைப் பேனாவும் எந்தக் கோட்டையும் அழிக்கவில்லை. முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று வருடா வருடம் மைக்கில் சொல்கிறவன் நான்.

அப்போது மணி இரண்டு. தடுப்பூசியே போடாத ஒருவருக்கு இப்படிக் குத்திவிட்டால் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் முதல் தவணைத் தடுப்பூசியையும் சீக்கிரம் போட வேண்டும். ஒரு நாளுக்குள் போட்டால் நல்லது. தள்ளத் தள்ளப் பலன் குறையும். இது எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு ஊசி போடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான்.

டாக்டர் அறைக்குப் போனேன். கள்ளக்குறிச்சியில் மீட்டிங் என்று கிளம்பிவிட்டிருந்தார். நாற்காலி காலியாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக உட்கார்ந்தது. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. செல்போனில் அவருக்கு ஒரு செய்தி எழுதினேன். முதல் வாக்கியம் நீளமாக இருந்தது, வெட்டினேன். இரண்டாவது என்னைக் காட்டிக்கொடுத்தது, மாற்றினேன். மூன்று வரைவு எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தியதைவிட நடை நன்றாக இருந்தது, உண்மை குறைவாக இருந்தது. எதையும் அனுப்பவில்லை. ஐந்தேகால் பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அந்த அம்மா பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்து போய்க்கொண்டிருந்தார். கட்டைவிரலில் நான் சுற்றிவிட்ட வெள்ளைத் துணி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டாக்டரிடம் சொன்னேன். இருபத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அவர் முதலில் கேட்டது, "இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா அண்ணா?" என்பது. இல்லை என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பதிவேடு அப்படியே இருக்கட்டும், ஊசியை மட்டும் போட்டுவிடலாம், பூஸ்டர் என்று எழுதிக்கொள்வோம் என்றார். எனக்கும் அது அருமையான யோசனையாகத்தான் பட்டது.

முதல் தவணைத் தடுப்பூசியை அங்கேயே போட்டோம். இம்யூனோகுளோபுலின் எங்களிடம் இல்லை. "முன்னெச்சரிக்கையாக ஒரு டோஸ் வழங்கவும்" என்று டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவோடு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"நேத்தே சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன் சார்."

நீங்கள் ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். இந்தக் கேள்வியை எப்படி என் வாய் கேட்டது என்று தெரியவில்லை.

"நான் சொன்னா எழுதனது பொய்யாயிடுமா?" என்றார். அப்புறம் சோளக்கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் இருந்தவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பூஸ்டர் என்றால் ஏற்கெனவே மூன்று தவணை போட்டவர் அல்லவா, அவருக்கு இது எதற்கு என்று கேட்டார். இருப்பதே கொஞ்சம், கிருமி உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளுக்கு என்று வைத்திருக்கிறோம், சும்மா முன்னெச்சரிக்கைக்கெல்லாம் எடுத்துக் கொடுக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. தடுப்பூசி போடவே இல்லை என்று எழுத்தில் வாங்கி வந்தால் இந்த நிமிடம் தருகிறேன் என்றார். டாக்டருக்குப் போன் செய்தேன். "யோசிச்சு செய்யுங்க எல்.டி." என்று சொல்லி வைத்துவிட்டார். நான் எல்.டி. ஆகிவிட்டேன் என்று புரிந்தது.

கடிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு கவுண்டரில் நின்றேன். சட்டைப் பையில் பேனா இருந்தது. இதுவரை எழுதியதிலேயே நான் அதிகம் தயங்கிய எழுத்து அதுதான். ஆக மொத்தம் மூன்று வரி. மூடியைத் திறந்தபோது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஒரே பேனா போதுங்களா சார்?"

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

இவருக்குத் தடுப்பூசி எதுவும் போடப்படவில்லை, பதிவேட்டில் இருப்பது நானாக எழுதியது, கையெழுத்தையும் நான்தான் வாங்கினேன் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மருந்து உடம்பில் இறங்கியபோது பிற்பகல் மூன்று. இருபத்தொன்பது மணி நேரம். அந்தக் கவுண்டர் வரை நடப்பதற்கு எனக்கு அவ்வளவு நேரம் ஆகியிருந்தது.

பிறகு நடந்தது நீங்கள் ஊகிப்பதுதான். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ, விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு இன்னொன்று, கடைசியில் மலைமேல் இருக்கும் ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்கு மாற்றல். தண்டனை என்று எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கான பேர் எந்தக் குற்றமும் செய்யாமல் பிறந்து வளர்ந்து இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அந்த அம்மாவை ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். ஆள் மாற்றம் என்று காரணம். புதிதாக வந்தவர் பழைய கம்பியிலேயே கையுறை காயப்போடுகிறார் என்று கேள்விப்பட்டேன். பீரோ சாவியை நான் ஒப்படைத்துவிட்டு வந்தேன். நடையில் இருந்த போட்டோவைக் கழற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தடித்த கையுறையோடு அவர் இன்னும் அங்கே நிற்கிறார்.

கிருமி தொற்றியதா இல்லையா என்று ஆறு மாதம் கழித்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். இடையில் இரண்டாம் தவணை ஊசியை அவர் கள்ளக்குறிச்சிக்குத் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டார் என்று தெரியும். என்னைக் கூப்பிடவில்லை.

ஆறாம் மாதம் முடிந்த வாரத்தில், காலை பத்து மணி பஸ்ஸில் மலைக்கு வந்து இறங்கினார். பத்தொன்பது வளைவோ இருபது வளைவோ, ஏறி வந்த மயக்கத்தில் பெஞ்சில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கீழே உள்ள ஆஸ்பத்திரியில் பார்க்காமல் இவ்வளவு தூரம் ஏன் என்று கேட்டேன். அங்கே எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்றார். செய்தி ஊருக்குள் போயிருந்தது. போகும் வழியில் காமாலைக் கிருமி எய்ட்ஸ் ஆகியிருந்தது. ஜவ்வரிசி மில்லில் மரவள்ளித் தோல் சீவும் வேலைக்குப் போனவரை நான்கே நாளில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணன் வீட்டில் தட்டும் டம்ளரும் தனியாக வைத்துவிட்டார்கள்.

"அண்ணன் ஒண்ணும் சொல்லல. அண்ணிதான் பசங்க இருக்கற வூடுன்னு சொல்லிகினு இருக்குது. ஒண்ணுமில்லன்னு ஒரு பேப்பர் இருந்தா மூஞ்சில காட்டிடுவேன்."

அந்தப் பேப்பருக்காகத்தான் வந்திருந்தார்.

கையுறை எடுத்தேன். கத்தரிக்கோல் மேசையில்தான் இருந்தது. தொடவில்லை. முழுக் கையுறையோடு அவருடைய கையைத் தடவினால் நரம்பு இருக்கிறது போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. முதல் குத்து வீண். இரண்டாவதும் வீண். மாவட்டத்திலேயே ஒரே குத்துக்காரன் என்று பெயர் வாங்கியவன் நெற்றியில் வியர்வை வழிய மூன்றாவதில் பிடித்தேன்.

"முழு வெரலோட போட்டா இப்டிதான் ஆவுமா?" என்றார்.

பழகிவிடும் என்றேன்.

"எத்தினி பேரு கையில பழகுவீங்க?"

ஊசியை டப்பாவில் போட்டுவிட்டு வந்தேன். நான்கு அடி.

அட்டையில் சொட்டு விட்டு மேசைமேல் வைத்தேன். அவர் நாற்காலியை இழுத்து அட்டைக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார். வெளியே பெஞ்சில் இருக்கச் சொல்லலாம், சொல்லவில்லை. பதினைந்து நிமிடம் இரண்டு பேரும் அந்த வெள்ளைத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேல் கோடு வந்தது. அது எப்போதும் வருகிற கோடு, பரிசோதனை ஒழுங்காக நடக்கிறது என்று காட்டுவது. கீழே எதுவும் வரவில்லை. நேரம் முடிந்த பிறகும் பார்த்தோம். எதுவும் வரவில்லை.

கிருமி இல்லை என்றேன். என் குரல் தழுதழுத்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. சாதாரணமாகத்தான் இருந்தது. மூன்றாம் தவணை ஊசியையும் அன்றே போட ஏற்பாடு செய்தேன். ரிப்போர்ட் படிவத்தில் எழுதி, கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். படித்து முடித்தும் மடிக்கவில்லை.

"இல்லன்னு எழுதிக்கீறீங்க."

"ஆமாம்மா. அட்டையைத்தான் நீங்களே பார்த்தீங்களே."

"பாத்தேன். கோடு பத்தி சொன்னது நீங்கதான? ஒரு கோடுன்னா இல்லன்னு." முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தார். "நெசமாத்தான் எழுதிக்கீறீங்களா சார்? பாவம் பாத்து எழுதலியே?"

மேசை இழுப்பறையில் சோதனை அட்டையின் விளக்கத் தாள் இருந்தது. படம் போட்டிருக்கும், தமிழிலும் இருக்கும். எடுத்துக் காட்டினேன். இழுப்பறைக்குள் பேனாக்கள் உருண்டன. அவர் தாளைப் பார்த்தார், பேனாக்களையும் பார்த்தார். தலையாட்டினார். தலையாட்டியது நம்பியதற்காக அல்ல என்று எனக்குத் தெரிந்தது.

"கோச்சிக்காதீங்க சார். கீழ எறங்கி வேற எடத்துல ஒரு தபா பாத்துக்கறேன். உங்க பேப்பரையும் வெச்சிக்கிறேன், அதுக்குன்னு இல்ல."

கோபம் எதற்கு. நானாக இருந்தால் மலை ஏறியே வந்திருக்க மாட்டேன். கள்ளக்குறிச்சியில் எங்கே பார்க்கலாம் என்று சொன்னேன். சீக்கிரம் போனால் இன்றைக்கே ரிசல்ட் கிடைக்கும், ஒன்றரைக்கு ஒரு பஸ் இருக்கிறது, அதை விட்டால் நாலரைக்குத்தான் என்றேன். சரி என்று சொல்லிப் படிவத்தை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார். பஞ்சு வைத்த முழங்கையை மடக்கியே வைத்திருந்தார்.

ஜன்னலிலிருந்து பஸ் நிற்கும் இடம் தெரியும், அங்கே பேசுவதும் காதில் விழும். அங்கே ஒரு பெட்டிக்கடை. நேராகக் கடைக்குப் போய், ஒன்றரைக்கு பஸ் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்ட பிறகுதான் நிழலில் ஒதுங்கி நின்றார்.